பழைய மெர்குரி பல்பு மாட்டுவது: ஹோல்டரை அப்புறம் பார்க்கலாம், முதலில் சோக்

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தான் பக்கம் ஐயா காலத்து வீட்டைப் பழுது பார்க்கும்போது மாடி சாமான் அறையில் ஒரு மரப்பெட்டி கிடைத்திருக்கிறது. உள்ளே வெள்ளைப் பூச்சு பூசிய பெரிய பல்புகள், அடியில் பெரிய மரை. சாதாரண பல்பு அளவில் ஒன்று, ஆனால் அதன் கழுத்தில் மூன்று முள். உள்ளே சின்னக் குழாய் தெரிகிற தெளிந்த கண்ணாடிப் பல்பு ஒன்று. கூடவே பச்சை எனாமல் ஷேடுகள். இவற்றை முகப்பிலும் வளவிலும் மாட்டி எரியவிட என்ன ஹோல்டர் வாங்குவது, ஒரு முள்ளை அரத்தால் ராவிவிட்டால் சாதா ஹோல்டரிலேயே உட்காரும் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறாரே அது சரியா, இன்னும் இப்படிப் பல்புகள் சேர்க்க ஆசை, எதைப் பார்த்து வாங்குவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் அரத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். அந்த மூன்றாவது முள் சும்மா வைத்ததில்லை. 80 வாட், 125 வாட் மெர்குரி பல்புகள் 1930களின் நடுவில் வந்தபோது அவை வீட்டு பல்பு அளவுக்குச் சின்னதாக இருந்தன. யாராவது வீட்டு ஹோல்டரில் நேராகச் செருகிவிடக் கூடாது என்றுதான் இங்கிலாந்துக்காரர்கள் மூன்று முள் வைத்தார்கள். நேராகச் செருகினால் என்ன ஆகும்? மெர்குரி பல்புக்குள் இருப்பது கம்பி இல்லை, வாயு. வாயுவில் மின்சாரம் ஓட ஆரம்பித்ததும் அதன் தடை குறையும், தடை குறைந்ததும் இன்னும் அதிகமாக ஓடும், ஓட ஓட இன்னும் குறையும். கரை உடைந்த கண்மாய் மாதிரி, தானாக நிற்காது. பியூஸ் போகும், இல்லை பல்பு வெடிக்கும். அந்த ஓட்டத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் சோக் என்கிற கம்பிச் சுருளின் வேலை. முள்ளை ராவினால் பல்பு ஹோல்டரில் உட்காரும், உண்மைதான். ஆனால் சோக் எங்கே?

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. மெர்குரி பல்பு என்பது பாதிச் சாமான், மீதிப் பாதி சோக். மரை பொருந்துகிறது என்பதற்காக மின்சாரமும் பொருந்தும் என்று எண்ணக் கூடாது. பல்பு எது என்று கண்டுபிடியுங்கள், அதற்கான சோக்கைத் தேடுங்கள், ஹோல்டர் கடைசி. எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள், ஏனென்றால் கடையில் கேட்டவுடன் கிடைப்பது ஹோல்டர் ஒன்றுதான்.

சரி, பெட்டியில் இருப்பது எது? பல்பின் தலையிலோ கழுத்திலோ அச்சு இருக்கும். அழுக்கைத் துடைக்கும்போது கவனம், பழைய அச்சு ஈரத் துணி பட்டாலே போய்விடும், அப்புறம் அது எந்தப் பல்பு என்று சொல்ல யாராலும் முடியாது. காய்ந்த மெல்லிய துணி போதும், அச்சு இருக்கிற இடத்தைத் தொடவே வேண்டாம். பிலிப்ஸ் பல்பில் எச்.பி.எல். என்றிருந்தால் பூச்சு பூசிய மெர்குரி, சோக் வேண்டும். ஆஸ்ராம் அதையே எச்.கியூ.எல். என்று போடும். இங்கிலாந்து வழக்கத்தில் எம்.பி. என்றால் தெளிந்த கண்ணாடி, எம்.பி.எஃப். என்றால் பூச்சு. எம்.எல். என்றோ எச்.டபிள்யூ.எல். என்றோ எம்.பி.டி. என்றோ இருந்தால் அது வேறு சாதி, அதற்குத் தனிச் சோக் வேண்டாம்.

இந்த எம்.எல். பல்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாக் குழப்பமும் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. நம் ஊர்ப் பக்கம் கல்யாண வீட்டுக் கொட்டகையிலும் ரைஸ் மில்லிலும் திருவிழாக் கடைகளிலும் நிறையப் பேர் பார்த்தது இதைத்தான். உள்ளே மெர்குரிக் குழாயும் அதைச் சுற்றி டங்ஸ்டன் கம்பியும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்திருக்கும். கம்பியே சோக்கின் வேலையைச் செய்துவிடும், கூடவே கொஞ்சம் மஞ்சள் வெளிச்சமும் தரும். 160, 250, 500 வாட்டில் வந்தது. நேராக 230 வோல்ட்டில் மாட்டலாம் என்பதால் எலக்ட்ரீஷியன்களுக்குச் செல்லப்பிள்ளை. ஆனால் வெளிச்சக் கணக்கில் ரொம்ப மோசம்: 160 வாட் பல்பு தருவது சுமார் 3,100 லூமென், அதே சமயம் சோக் வைத்த 125 வாட் பல்பு 6,200 தரும். கம்பி அறுந்தால் ஆயுள் முடிந்தது. உங்கள் எலக்ட்ரீஷியன் "மெர்குரி பல்பை நேராக மாட்டி எரித்திருக்கிறேனே" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் மாட்டியது எம்.எல். ஆக இருக்கும். உங்கள் மூன்று முள் பல்பிலும் அச்சைப் படித்துவிட்டுத்தான் பேச வேண்டும், 160 வாட் எம்.பி.டி. வகையும் மூன்று முள்ளில் வந்திருக்கிறது. பினாங்கு, கொழும்பு, ரங்கூன் என்று போய்வந்த வீடுகள் இவை, அங்கேயும் இங்கிலாந்துச் சாமான்தான் புழங்கியது, அதனால் செட்டிநாட்டுப் பெட்டிகளில் மூன்று முள் பல்பு வருவதில் ஆச்சரியம் இல்லை.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து "ஓப்பன் காட்டுது, பியூஸ் போன பல்பு" என்று யாராவது தூக்கிப் போடச் சொன்னால் கேட்காதீர்கள். நல்ல மெர்குரி பல்பும் ஓப்பன்தான் காட்டும், எம்.எல். பல்பும் அப்படியே. நடுவில் வாயு இடைவெளி இருக்கிறது, மீட்டரின் ஒன்றிரண்டு வோல்ட் அதைத் தாண்டாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல நல்ல பல்புகள் காயலான் கடைக்குப் போயிருக்கின்றன.

அச்சு அழிந்துபோன பெரிய வெள்ளைப் பல்பு என்றால் இன்னொரு சிக்கல். சோடியம் பல்பிலும் இதே முட்டை வடிவம், இதே வெள்ளைப் பூச்சு, இதே பெரிய மரை உண்டு. மெட்டல் ஹாலைடு என்ற வகைப் பல்பிலும் உண்டு. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி. நல்ல வெயிலில் தூக்கிப் பிடித்துப் பூச்சுக்குள் நிழலைப் பாருங்கள்: மெர்குரிக் குழாய் குட்டையாக, விரல் பருமனில், ஒரு முனையில், பற்றவைக்க உதவும் துணை மின்முனைக்குப் போகிற சின்ன ரெசிஸ்டரோடு இருக்கும். சோடியம் குழாய் மெலிந்து நீண்டு பென்சில் போல இருக்கும். தெளிவாகத் தெரியவில்லை என்றால் எரித்துப் பார்க்க வேண்டாம், அலமாரியில் வைத்து அழகு பாருங்கள்.

இப்போது சோக். வாட்டுக்கு வாட் பொருந்த வேண்டும், இதில் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. 80 வாட் பல்பு எரியும்போது 0.8 ஆம்பியர் இழுக்கும், 125 வாட் 1.15, 250 வாட் 2.13 (சில சோக்கில் 2.15 என்று போட்டிருக்கும்), 400 வாட் 3.25. சோக்கின் தகட்டில் இந்த எண் இருக்கும், வாட்டை விட இந்த ஆம்பியர் எண்ணை நம்புங்கள். முதல் சில நிமிடம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இழுக்கும் என்பதையும் வயர் போடும்போது கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்கள் அடிக்கடி கொடுப்பது 250 வாட் சோடியம் சோக். "அதுவும் 250, இதுவும் 250" என்பார்கள். சோடியம் 250க்கு 3 ஆம்பியர். உங்கள் பழைய பல்பு அதில் பளபளவென்று எரியும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், சீக்கிரம் கருத்துப்போகும். அந்தச் சோக் பெட்டியில் இக்னிட்டர் வேறு இருந்தால் இன்னும் மோசம். சோடியத்தைப் பற்றவைக்க அது ஆயிரக்கணக்கான வோல்ட்டில் அடிக்கும், மெர்குரிக்கு அது தேவையே இல்லை, உள்ளே இருக்கிற ரெசிஸ்டரும் இணைப்புகளும் அந்த அடிக்குச் செய்தவை அல்ல. மெர்குரி பல்பு துணை மின்முனையின் உதவியோடு 230 வோல்ட்டிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். சோக், கண்டன்சர், ஹோல்டர், பல்பு. வேறு ஒன்றும் வேண்டாம்.

பழைய சோக் கிடைத்தால் விடாதீர்கள். கனமான இரும்புத் தகடு, உள்ளே தார் ஊற்றியது, வெளியே 220, 230, 240, 250 என்று தனித்தனி முனைகள். எந்த முனையில் கொடுப்பது? உங்கள் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் வோல்டேஜ் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். ஊரடங்கியதும் 240ஐத் தாண்டுகிற இடங்கள் நம் பக்கம் உண்டு, அங்கே 220 முனையில் கொடுத்தால் பல்பு அதிகமாக இழுக்கும். மாட்டுவதற்கு முன் சுற்றுக்கும் தகட்டுக்கும் நடுவில் மெக்கர் (மின்கசிவு பார்க்கும் மீட்டர்) வைத்துச் சோதிக்க வேண்டும். வருடக்கணக்கில் ஈரச் சுவர் ஓரம் கிடந்த சோக்கில் கசிவு இருக்கும். பழைய கண்டன்சரை மட்டும் பாசம் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். 1980க்கு முந்தைய எண்ணெய் கண்டன்சர்கள் பலவற்றில் பி.சி.பி. என்கிற நச்சு எண்ணெய் இருந்தது, உப்பியிருந்தாலோ ஒழுகியிருந்தாலோ வெறுங்கையால் தொடாதீர்கள். புதிது விலை குறைவுதான்: 80 வாட்டுக்கு 8 மைக்ரோஃபாரட், 125க்கு 10, 250க்கு 18, 400க்கு 25 என்ற அளவில், லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே. அது இல்லாவிட்டாலும் பல்பு எரியும், ஆனால் லைனில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கரன்ட் ஓடும்; பழைய வீட்டு வயருக்கு அது நல்லதல்ல.

சோக் கிடைக்கும் வரை பல்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. 80 வாட் மெர்குரி பல்போடு 100 அல்லது 200 வாட் சாதாரண கம்பி பல்பைத் தொடராக இணைத்து 230 வோல்ட் கொடுங்கள். மெர்குரி பற்றியவுடன் கம்பி பல்பு ஏறக்குறைய முழுதாக எரியும், மெர்குரிக் குழாய் சூடேறச் சூடேறக் கம்பி பல்பு மங்கிக்கொண்டே வரும். பார்க்கவே அழகான வேடிக்கை அது. முழு வெளிச்சம் வராது, நின்று எரியும் என்றும் நம்ப வேண்டாம். உயிர் இருக்கிறதா என்று பார்க்க மட்டும்.

ஹோல்டருக்கு வருவோம். பெரிய மரை என்பது 40 மில்லிமீட்டர் விட்டம், இ40, கடையில் ஜி.இ.எஸ். ஹோல்டர் என்று கேட்டால் புரியும். 250 வாட்டிலிருந்து மேலே எல்லாம் இதுதான். சின்ன மரை 27 மில்லிமீட்டர், இ27, 80க்கும் 125க்கும். மூன்று முள் ஹோல்டர் புதிதாகக் கிடைப்பது கஷ்டம், பழைய தெருவிளக்குக் கூடு எங்காவது கிடைத்தால் அதைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். எதுவானாலும் பீங்கான் ஹோல்டர். பிளாஸ்டிக்கும் பேக்லைட்டும் வேண்டவே வேண்டாம், பல்பின் கழுத்துச் சூட்டில் பேக்லைட் பொரிந்து உதிரும். பழைய பீங்கான் ஹோல்டர் இருந்தால் பீங்கானில் முடிக் கோடாக விரிசல் இருக்கிறதா, நடு முனையின் பித்தளைப் பட்டை இன்னும் விறைப்பாக மேலே தள்ளுகிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டை தளர்ந்திருந்தால் உள்ளே பொறி பறக்கும், பல்பின் அடியில் ஈயம் உருகி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பல்பைக் கழற்றவே முடியாது. நடு முனைக்கு லைன், மரைக்கு நியூட்ரல். மாற்றிக் கொடுத்தாலும் எரியும், ஆனால் பல்பு மாற்றும்போது மரையில் விரல் பட்டால் தூக்கியடிக்கும். சோக் லைன் பக்கம்தான் வர வேண்டும்.

ஹோல்டரிலிருந்து வெளியே வருகிற ஓரடி வயர் சிலிக்கான் உறை போட்டதாக இருக்கட்டும், சாதா பி.வி.சி. அந்தச் சூட்டில் இளகும். பழைய கூட்டுக்குள் வெள்ளையாகப் பஞ்சு போல உறை போட்ட வயர் இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். பிய்க்காதீர்கள், ஊதாதீர்கள், தண்ணீர் தெளித்து நனைத்து அப்படியே வெட்டி எடுத்துப் பையில் கட்டுங்கள். பெரிய மரையிலிருந்து சின்ன மரைக்கு மாற்றும் அடாப்டர் பற்றிக் கேட்பீர்கள்: 125 வாட் பல்பை இ40 ஹோல்டரில் மாட்ட பீங்கான் அடாப்டர் பரவாயில்லை. முள் ஹோல்டரிலிருந்து மரைக்கு மாற்றும் அடாப்டர் கூடாது. பல்பின் கனமும் சூடும் அந்த இரண்டு ஊசி ஸ்பிரிங்கில் தொங்கும்.

செட்டிநாட்டு வீட்டில் மாட்டுவதில் தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. பழைய வயரிங் மரப்பட்டைக்குள் ஓடுகிற கேசிங் வயரிங், பல இடங்களில் எர்த் கிடையாது. எனாமல் ஷேடு இரும்பு, சோக்கும் இரும்பு, எர்த் இல்லாமல் இவற்றைத் தொங்கவிடக் கூடாது. விளக்குக்கென்று மீட்டர் பலகையிலிருந்து தனி லைன், எர்த்தோடு, ஒரு எம்.சி.பி. வைத்து இழுங்கள். கேசிங் பட்டையை அழகுக்காக அப்படியே விட்டுவிடலாம். முகப்பில் பர்மாத் தேக்கு மேல்தளம், அதில் சரவிளக்கோ ஊஞ்சலோ தொங்கிய கொக்கி இருக்குமே, அந்தக் கொக்கியில் சங்கிலி போட்டு இறக்குங்கள், மரத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். 250 வாட் பல்பின் வெளிக் கண்ணாடியே கையைச் சுட்டுவிடும்.

ஒரு நல்ல விஷயம், இக்னிட்டர் இல்லாததால் சோக் பல்புக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழைய சோக் "ம்ம்ம்" என்று இரைந்துகொண்டே இருக்கும், உயர்ந்த கூடத்தில் ராத்திரி அந்தச் சத்தம் எதிரொலிக்கும். சோக்கையும் கண்டன்சரையும் ஒரு இரும்புப் பெட்டியில் போட்டுக் கற்சுவர் ஓரமாக, ஆள் புழங்காத அறையில் வைத்துவிட்டு வயரை மட்டும் கூடத்துக்கு இழுக்கலாம். மரத் தரையில் வைத்தால் மரமும் சேர்ந்து இரையும், அடியில் ரப்பர் கொடுங்கள்.

வளவின் நடுவில் மட்டும் மாட்டாதீர்கள். மேலே வானம், மழை நேராக விழும், சூடான கண்ணாடியில் நாலு சொட்டு பட்டாலே சில பல்புகள் விரிசல் விட்டுவிடும். தாழ்வாரத்துக்குள் தூணுக்குத் தூண் நடுவில் மாட்டலாம். பூச்சித் தொல்லையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மெர்குரி வெளிச்சத்தில் ஊதாவுக்கு அப்பாற்பட்ட கதிர் கொஞ்சம் வெளியே வரும், பூச்சி ஆராய்ச்சிக்காரர்கள் விட்டில் பிடிக்கப் பொறியில் வைப்பதே 125 வாட் மெர்குரி பல்பைத்தான். ஐப்பசி மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் நாளில் இதைப் போட்டால் வீடு முழுக்க ஈசல், அதற்குப் பின்னால் பல்லி. அதே காரணத்தால் முகப்பில் மாட்டியிருக்கிற பழைய ரவிவர்மா அச்சுப் படங்கள், கைவண்ணப் போட்டோக்கள் மீது இந்த வெளிச்சம் நேராக விழக் கூடாது, சாயம் வெளுக்கும்.

வெளிச்சம் எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு ஆசைப்படுங்கள். தெளிந்த கண்ணாடி மெர்குரியில் வருவது ஊதா, நீலம், பச்சை, மஞ்சள் என்று நாலைந்து கோடுகள்தான், சிவப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் பச்சையும் நீலமும் துள்ளும், காவிச் சிவப்பு செத்துப்போய்க் கரும்பழுப்பாகத் தெரியும். தேக்குத் தூண் சாம்பல் பூத்தது போல இருக்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் மட்டும் நிலா வெளிச்சத்தில் நிற்பது போல ஜொலிக்கும், அதைப் பார்க்கவே நான் தெளிந்த பல்பை விரும்புகிறேன். ஆனால் அந்த வெளிச்சத்தில் ஆச்சிகளைப் பட்டுப்புடவையில் நிற்க வைத்துப் படம் எடுத்தால் உங்களை யாரும் மன்னிக்க மாட்டார்கள், முகம் பச்சையாக, உதடு கறுப்பாக வரும். விசேஷத்துக்கு என்றால் பூச்சு பூசிய பல்பு. 1960களின் பிற்பகுதியிலிருந்து யூரோப்பியம் கலந்த யிட்ரியம் வனடேட் பூச்சு வந்தது, அது வீணாகிற கதிரைச் சிவப்பாக மாற்றித் தரும், முழுதாக இல்லாவிட்டாலும் மனித முகம் மனித முகமாகத் தெரியும். அதற்கு முந்தைய பூச்சுகளில் சிவப்பு இன்னும் குறைவு.

போட்டவுடன் எரியாது, நாலைந்து நிமிடம் ஆகும். முதலில் மங்கலான ஊதா நீலம், அப்புறம் மெதுவாக ஏறும். கரன்ட் ஒரு நொடி போய் வந்தால் அவிந்துவிடும், குழாய் ஆறி உள்ளே அழுத்தம் குறைந்தால்தான் மறுபடி பற்றும், அதற்கும் அஞ்சு நிமிடத்துக்கு மேல். பக்கத்தில் பம்ப்செட் மோட்டார் போட்டவுடன் வோல்டேஜ் சட்டென்று இறங்கி முகூர்த்தப் பந்தலே இருண்டுபோன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. டிம்மர், அசைவு தெரிந்து எரியும் சென்சார், இன்வர்ட்டர் எதையும் இதோடு சேர்க்காதீர்கள்.

உங்களிடம் இருக்கிற தெளிந்த கண்ணாடிப் பல்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் உள் குழாய் குவார்ட்ஸ் இல்லாமல் நீளமான கெட்டிக் கண்ணாடியாக, பல்பே ஓரடிக்கு மேல் நீண்ட உருளையாக இருந்தால் அது 1932ல் இங்கிலாந்தின் ஜி.இ.சி. கொண்டுவந்த 400 வாட் வகையின் வாரிசு, எம்.ஏ. என்று அச்சிருக்கும். இந்த மாதிரி உயர் அழுத்த மெர்குரி பல்புகளில் தெருவிளக்காக முதலில் எரிந்தது அந்த வகைதான், லண்டன் பக்கம் வெம்பிளியில். அதைச் செங்குத்தாகத்தான் எரிக்க வேண்டும். படுக்கை வாட்டத்தில் வைத்தால் சுடர் மேலே வளைந்து கண்ணாடியை உருக்கும், அப்படி வைக்கிறவர்கள் காந்தம் வைத்துச் சுடரைக் கீழே இழுத்தார்கள். அப்படி ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால் எரிக்கவே எரிக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். குவார்ட்ஸ் குழாய் வந்த பிறகு எச்.பி.எல். போன்றவற்றை எந்த வாட்டத்திலும் எரிக்கலாம். எம்.எல். பல்பு என்றால் தலைகீழாகத் தொங்கவிடுவதே நல்லது.

சேர்க்கிறவர்களுக்கு வருகிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே கண் போவது பெல்ஜியம் கண்ணாடி, சரவிளக்கு, மரத்தூண், எனாமல் தூக்குவாளி பக்கம். மெர்குரிச் சாமான் மதிப்பில்லாமல் மூலையில் கிடக்கும், அதுதான் நமக்கு வசதி. "நூறு வருஷத்து மெர்குரி பல்பு சார்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விலையைக் குறையுங்கள். இந்த மாதிரி உயர் அழுத்த மெர்குரி பல்பே 1932க்கு முன் கிடையாது; 1901ல் பீட்டர் கூப்பர் ஹியூவிட் செய்தது பல அடி நீளக் கண்ணாடிக் குழாய், அதைச் சாய்த்துத்தான் பற்றவைக்க வேண்டும், அது இங்கே ஒரு கடை மூலையில் கிடக்கப் போவதில்லை. நம் பக்கம் கிடைப்பவை பெரும்பாலும் 1960க்குப் பிந்தியவை. அதற்காக மட்டம் என்று நினைக்காதீர்கள், பெங்களூரின் மைசூர் லாம்ப்ஸ் பெயர் போட்ட பல்பு அட்டைப் பெட்டியோடு கிடைத்தால் நான் வெளிநாட்டுப் பல்பை விட்டுவிட்டு அதைத்தான் எடுப்பேன். பெட்டி கிழிந்திருந்தாலும் சேர்த்து வாங்குங்கள், வாட்டும் எந்த வாட்டத்தில் எரிப்பது என்ற படமும் அதில்தான் இருக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: குழாயின் இரண்டு முனையும் கொஞ்சம் கறுத்திருந்தால் எரிந்த பல்பு, பரவாயில்லை, நடுவரை கறுத்திருந்தால் கடைசிக் காலம். மெர்குரி பல்பு பொதுவாகப் பட்டென்று சாகாது, மங்கி மங்கிக்கொண்டே போகும், அதனால் "எரியுது பாருங்க" என்று காட்டுவதை மட்டும் நம்பி விலை கொடுக்காதீர்கள். உள்ளே கம்பித் தாங்கிகள் துருப்பிடித்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் வெளிக் கண்ணாடியில் காற்று புகுந்துவிட்டது. பல்பின் அடி மூடி ஆடுகிறதா என்று பிடித்து லேசாகத் திருகிப் பாருங்கள். குழாய்க்குள் குட்டிக் குட்டி வெள்ளி மணி தெரிந்தால் பயப்படாதீர்கள், அதுதான் பாதரசம், ஆறிய நிலையில் அப்படித்தான் நிற்கும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் 175 வாட் பல்பு கொண்டுவந்தால் அலமாரிக்குத்தான், அது நம் 125க்கும் 250க்கும் நடுவில் சுமார் 1.5 ஆம்பியர் கேட்கும், அந்தச் சோக் இங்கே இல்லை.

பல்பை விட சோக்கைச் சேர்க்கச் சொல்வேன். 2015லிருந்து தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றத் தொடங்கியபோது பழைய கூடுகள் டன் கணக்கில் காயலான் கடைக்கு வந்தன, சோக்குக்குள் தாமிரம் இருப்பதால் அவற்றை உடைத்துக் கம்பியை எடுத்துவிட்டார்கள். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013ல் நாடுகள் கையெழுத்திட்ட மினமாட்டா ஒப்பந்தமும் பொது வெளிச்சத்துக்கான மெர்குரி பல்புகளை 2020 என்ற கெடுவோடு நிறுத்தச் சொன்ன பட்டியலில் சேர்த்தது, ஐரோப்பாவில் 2015லேயே விற்பனை நின்றது. பல்பு இன்னும் சில வருடம் அங்கங்கே மூலையில் கிடைக்கும். மெர்குரி என்று எழுதிய 80 வாட் சோக்தான் கிடைக்காது. முழுக் கூடு கண்ணில் பட்டால் துருப்பிடித்திருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஆபத்து. வெளிக் கண்ணாடி உடைந்தும் உள் குழாய் எரிந்துகொண்டே இருக்கும், மெர்குரியின் பெரிய கெடுதல் அதுதான். அந்தக் குவார்ட்ஸ் குழாயிலிருந்து நேராக வருகிற புற ஊதாக் கதிர் வெல்டிங் பார்த்தது போலக் கண்ணைப் பொசுக்கும், தோலும் சிவக்கும், வலி சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். கண்ணாடியில் விரிசல் பட்ட பல்பை ஒரு நிமிடம்கூட எரிக்காதீர்கள். குழாயே உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் கால் மணி நேரம் வெளியே போய்விடுங்கள். விளக்குமாறு போடக் கூடாது, வாக்குவம் கூடாது, பாதரச மணி பொடிப்பொடியாகி ஆத்தங்குடிக் கல்லின் இடுக்கில் போய் உட்காரும். இரண்டு அட்டைத் துண்டால் தள்ளி எடுத்து, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் ஒற்றி, எல்லாவற்றையும் மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் போடுங்கள். செத்த பல்புகளையும் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குகிற பதிவு பெற்ற இடத்தில் கொடுக்க வேண்டும்; அதுவரை அட்டையில் சுற்றி, பிள்ளைகள் கை எட்டாத உயரத்தில் வையுங்கள்.